கழுவிப் போன பிசின்: சோழமண்டலத் துணியோவியமும் செனகல் கோந்தும்

நீண்ட பதிவு, நேரமுள்ளோர் பொறுமையுடன் படிக்கலாம். லோதி ரோட்டிலுள்ள அரங்கொன்றில் சோழமண்டலக் கரையின் சாயத்துணிகள் குறித்து அண்மையில் பேச நேர்ந்தது. சாயவேர், அவுரி, படிகாரம் என வழக்கமான வரிசையில் பேசி முடித்தபின், முதுகலை மாணவர் ஒருவர் எழுந்து, “சாயம் கோட்டைத் தாண்டி ஓடாமல் நின்றது எப்படி?” என்று கேட்டார். அங்கே இரண்டு நிமிடங்களில் விடை சொல்லித் தீர்க்கக்கூடிய வினா அன்று அது. உண்மையில், துணி வரலாற்றை எழுதியோருள் பலரும் கேட்காமல் கடந்துவிட்ட வினா.

நிறத்தின் வரலாறு நமக்கு உண்டு. அவுரியின் வரலாறு உண்டு. மஞ்சிட்டியின் வரலாறு உண்டு. அவற்றுக்கெனத் தனி நூல்களும் உண்டு. நிறத்தை உரிய இடத்தில் தாங்கி நிறுத்தும் பிசின், கஞ்சி, பால், மாவு ஆகியவற்றுக்கு அத்தகைய வரலாறு இல்லை. காரணம் எளிது. அச்சுத் தொழிலில் கெட்டிப்படுத்தும் பொருளின் கடமையே வேலை முடிந்ததும் கழுவப்பட்டு மறைந்துவிடுவதுதான். பிசின் துணியில் தங்கிவிட்டால் துணி விறைக்கும், நிறம் மங்கும், தொழிலாளி தோற்றவனாவான். ஆக, நன்றாகச் செய்யப்பட்ட ஒவ்வொரு துணியும் தன் சான்றுகளில் ஒரு பகுதியைத் தானே அழித்துக்கொண்ட துணி.

அடிப்படையை முதலில் கூறிவிடுகிறேன். பருத்தி, பட்டையோ கம்பளியையோ போன்றதன்று. பெரும்பாலான தாவரச் சாயங்களை அது எளிதில் ஏற்றுக்கொள்வதில்லை. சாயத்தையும் நாரையும் பிணைக்க ஓர் உலோக உப்பு வேண்டும். வேதியியலார் அதனை நிறமூன்றி என்பர். செந்நிறத்துக்குப் படிகாரம், கருமைக்கு இரும்பு. கலைஞர் துணியில் வரைவது சாயத்தை அன்று, இந்த உப்புக் கரைசலை. பின்னர் முழுத்துணியையும் சாயவேர் கொதிக்கும் நீரில் இடுவர். உப்பு தொட்ட இடத்தில் மட்டும் சிவப்பு ஊன்றும். பிற இடங்களில் படிந்தது வெளுப்பில் போய்விடும். இவ்வளவும் பாடநூலில் உள்ளது. பாடநூல் சொல்லாத இடர் ஒன்று உண்டு. படிகாரக் கரைசல் தண்ணீரைப் போன்றது. பருத்தி நார் அதனை விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோல் நாற்புறமும் இழுத்துக்கொள்ளும். மயிரிழைக் கோடு விரலகலக் கறையாகிவிடும். இதனைத் தடுக்க இரண்டே வழிகள். ஒன்று, கரைசலைக் கெட்டியாக்குவது. மற்றொன்று, துணியைப் பதப்படுத்துவது. ஐரோப்பிய அச்சுத்தொழில் ஏறத்தாழ முழுமையாக முதல் வழியைப் பற்றியது. சோழமண்டலத்தின் எழுதுகோல் கலைஞர் இரண்டாம் வழியில் சென்றனர். இவ்வேறுபாட்டைச் சிறியதென நான் கருதவில்லை.

இரண்டாம் வழியைப் பற்றி நமக்குக் கிடைக்கும் இரு சிறந்த சான்றுகளும் புதுச்சேரி சார்ந்தவை. இரண்டும் பிரெஞ்சுக்காரர் எழுதியவை. முதலாவது, கடற்படை அதிகாரி பொல்யூ ஏறத்தாழ 1734இல் புதுச்சேரியில் எழுதியனுப்பிய குறிப்பு. பிரான்சின் வேதியியலாளர் து ஃபே கேட்டுக்கொண்டதன்பேரில் அவர் ஒரு துணி உருவாகும் ஒவ்வொரு கட்டத்தையும் உடனிருந்து பார்த்தார். கட்டந்தோறும் துணியில் ஒரு துண்டை வெட்டிக் குறிப்போடு இணைத்தார். கையெழுத்துப்படி இன்று பாரிஸ் தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளது. இரண்டாவது, சேசு சபைத் துறவி கேர்தூ 1742 சனவரியில் எழுதிய மடல். வடமொழிக்கும் இலத்தீன், கிரேக்க மொழிகளுக்கும் உள்ள உறவை முன்கூட்டியே உணர்ந்தவர் என மொழியியல் மாணவர் அறிந்த அதே கேர்தூதான். மதம் மாறிய ஓவியர்களிடம் கேட்டறிந்து, ஐரோப்பியக் கைவினைஞருக்குப் பயன்படட்டும் என்ற நோக்கத்தை மறைக்காமல் எழுதினார். பரம்பரைத் தொழில்நுட்பம் பாவமன்னிப்புக் கேட்க வந்தோர் வழியாக வெளியேறியது என்று இதனை ஒருவர் கடிந்துரைக்கலாம்; அக்கடிதலில் நியாயமும் உண்டு. ஆயினும் அம்மடல் இல்லையேல் நமக்கு எழுத்துச் சான்று மிகச் சொற்பமே. தமிழ் மாணவருக்கு அதில் வேறொரு சுவையும் உண்டு: பிரெஞ்சு உரைநடையின் நடுவே கடுக்காயும் சாயவேரும் கஞ்சியும் பிரெஞ்சு எழுத்துகளில் தமிழ்ச்சொற்களாகவே நிற்கின்றன. மொழிபெயர்க்க நிகரில்லாததால் அவர் நம் சொற்களையே எடுத்துக்கொண்டார்.

கேர்தூ விவரிக்கும் முதற்பணி வரைவதன்று. பாதி வெளுத்த துணியைக் கடுக்காய்ப் பொடி கலந்த எருமைப்பாலில் தோய்த்துப் பிழிந்து வெயிலில் உலர்த்துவது. பின்னர் மடித்து மரக்கட்டையால் அடித்து மழமழப்பாக்குவது. வெளித்தோற்றத்தில் இது ஏதோ சடங்குபோல் தோன்றும். வேதியியல் நோக்கில் இங்கே மூன்று செயல்கள் ஒருங்கே நிகழ்கின்றன. கடுக்காயின் துவர்ப்புப் பொருள் நாரில் ஏறி உலோக உப்பைப் பற்றிக்கொள்ளும் பிடிமானம் ஆகிறது. பாலின் கொழுப்பும் புரதமும் நாரின் மேல் மெல்லிய படலமாகப் படிந்து, நீர் பக்கவாட்டில் ஊர்வதைக் குறைக்கின்றன. எருமைப்பால் பசும்பாலைவிடக் கொழுப்பு மிகுந்தது என்பதால் தேர்வும் தற்செயலன்று. அடித்தல் இழைகளின் இடைவெளியை அடைத்துத் தளத்தைச் சமமாக்குகிறது. கோல் இழையில் தட்டாமல் வழுக்கிச் செல்ல அது இன்றியமையாதது. இன்னொரு நன்மையும் உண்டு: கடுக்காய் ஏறிய துணியில் இரும்புக் கரைசல் பட்டவுடனே கறுத்துவிடும். கலைஞர் தாம் வரைந்ததை அக்கணமே பார்க்கலாம். படிகாரக் கரைசலுக்கு நிறமில்லை. ஆகவே அதில் சிறிது சப்பங்கிச் சாயத்தைக் கலந்து கண்ணுக்குத் தெரியச் செய்தனர். பின்னர் அது கழுவில் போய்விடும். இன்றைய அச்சுக்கூடங்களின் மொழியில் கூறினால், இவையெல்லாம் துணைப்பொருள்கள். நிறத்தைத் தருவன அல்ல. நிறம் தன் வேலையைச் செய்ய இடமளிப்பன.

கருமைக்கான கரைசலும் நோக்கத்தக்கது. கொல்லுலையின் இரும்புக் கசட்டைச் சுட்டுப் புளித்த கஞ்சியில் ஊறவைக்கும் முறையைக் கேர்தூ கூறுகிறார். இன்று திருக்காளத்தியில் இரும்புத் துண்டுகளை வெல்லமும் பனைவெல்லமும் கரைத்த நீரில் வாரக்கணக்கில் புளிக்க விடுகின்றனர். கஞ்சியானாலும் வெல்லமானாலும் கருத்து ஒன்றே: நொதித்தலால் பிறக்கும் புளிப்பு அமிலம் இரும்பைக் கரைக்கும். நம் கஞ்சி ஆங்கிலத்திலும் புகுந்து நிலைத்த சொல் என்பதை இவ்விடத்தில் நினைவுகூர்வது பொருந்தும். ஆனால் அம்மொழி அகராதிகள் அதனைப் பெரும்பாலும் உணவாகவே அறிந்துவைத்துள்ளன. சலவைத் தொழிலாளிக்கும் நெசவாளிக்கும் சாயக்காரருக்கும் கஞ்சி என்பது உணவுக்கு அப்பாற்பட்ட கருவிப்பொருள். பாவுக்குக் கஞ்சியிடுதல் என்ற ஒரு சொற்றொடரே ஓர் ஆய்வேட்டுக்குப் போதும்.

இங்கே ஒரு தெளிவு வேண்டும். இந்தியாவில் கெட்டிப்பசையே இல்லை என்று நான் கூறவில்லை. கருவிதான் பசையைத் தீர்மானிக்கிறது. மூங்கில் கோலின் நுனிக்குச் சற்று மேலே கம்பளியோ மயிரோ துணியோ சுற்றிய உருண்டையில் கரைசல் தங்கும். விரலால் அழுத்த அழுத்த அது நுனிக்கு இறங்கும். கெட்டியான பசை அக்கோலில் இறங்காது. எனவே எழுதுகோலுக்கு நீர்த்த கரைசலே வேண்டும். துணிதான் காவல் காக்க வேண்டும். மரத்தாலான அச்சுக்கட்டையின் நிலை நேர்மாறானது. நீர்த்த கரைசல் கட்டையின் செதுக்குப் பள்ளங்களில் வழிந்துவிடும். அழுத்தும்போது ஓரங்களில் பிதுங்கும். கட்டைக்குப் பசை கட்டாயம். ஆகவேதான் ஒரே கரையில் இரு மரபுகளைக் காண்கிறோம்: எழுதுகோல் கொண்ட திருக்காளத்தி, அச்சுக்கட்டை கொண்ட மசூலிப்பட்டினம். கடுக்காய்த் தோய்ப்பு இரண்டிலும் உண்டு. ஆனால் மசூலிப்பட்டினப் பகுதியின் பெடனாவில் படிகாரத்தோடு கருவேலம் பிசினைக் கலந்தே அச்சிடுகின்றனர். இரு ஊர்களின் வேறுபாட்டை அரசவை, கோயில், பாரசீகத் தொடர்பு எனப் பண்பாட்டுக் காரணங்களால் மட்டுமே விளக்குவது வழக்கம். கட்டைக்கும் கோலுக்கும் தேவையான பாகுத்தன்மை வேறு என்ற எளிய உண்மையை அவ்விளக்கத்தோடு சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து. கும்பகோணத்தை அடுத்த சிக்கல்நாயக்கன்பேட்டையும் கோடாலிக் கருப்பூரும் கோல் மரபைச் சார்ந்தவை; தஞ்சை மராட்டிய மன்னரின் ஆதரவைப் பற்றி எழுதப்பட்ட அளவுக்கு அவ்வூர்களின் கரைசல்களைப் பற்றி எழுதப்படவில்லை.

எந்தப் பசை எதனோடு என்பதிலும் ஒரு நுண்ணறிவு இருந்தது. கச்சின் அஜ்ரக் அச்சர்கள் கருமைக்கான இரும்புக் கரைசலைப் புளியங்கொட்டை மாவால் கெட்டியாக்குவர். நிறம் ஏறாமல் தடுக்கும் சுண்ணாம்புப் பசைக்கு வேலம் பிசினைப் பயன்படுத்துவர். இரும்புக்கு ஏன் வேலம் பிசின் இல்லை? வேல இனப் பிசின்களில் அமிலக் கூறு உண்டு. காற்றில் முதிர்ந்த இரும்பு உப்பு, அதாவது ஃபெரிக் உப்பு, அக்கூறுகளைப் பிணைத்துப் பிசினைத் திரளச் செய்துவிடும். பசை கட்டிகட்டியாகும், அச்சு புள்ளிபுள்ளியாக விழும். புளியங்கொட்டையின் கூழ்ப்பொருள் மின்னேற்றமற்றது, இரும்போடு சண்டையிடாது. மூலக்கூறு அமைப்பை யாரும் அறியாத காலத்தில், திரண்ட பசையைக் கொட்டிக் கொட்டியே இதனைக் கற்றிருக்க வேண்டும். அந்தக் கற்றல் எந்தச் சுவடியிலும் இல்லை.

இனி ஐரோப்பா. சோழமண்டலத் துணியின் மோகத்தை அடக்க பிரான்சு 1686இல் தடை விதித்தது; 1759இல் நீக்கியது. இங்கிலாந்து 1700, 1721 ஆகிய ஆண்டுகளில் இரு சட்டங்களை இயற்றியது, 1774இல் தளர்த்தியது. தடை நீங்கிய மறு ஆண்டே, 1760இல், ஓபர்காம்ப் பாரிசுக்கு அருகே ஜூயி ஊரில் தம் அச்சுக்கூடத்தைத் தொடங்கினார். இவர்கள் சாயவேருக்குப் பதில் மஞ்சிட்டி இனத்து வேரையும், வெறும் படிகாரத்துக்குப் பதில் படிகாரத்தோடு ஈய அசிட்டேட்டைச் சேர்த்து உண்டாக்கிய அலுமினிய அசிட்டேட்டையும் கொண்டனர். பால் தோய்ப்பை அவர்கள் பின்பற்றவில்லை. அறியாமையால் அன்று. கேர்தூவின் மடல் அச்சாகிப் பரவியிருந்தது. 1794இல் நிலைத்த நிறங்களின் தத்துவம் பற்றி நூலெழுதிய எட்வர்டு பான்கிராஃப்ட் அம்மடலை நன்கு அறிந்தவர். (அமெரிக்க விடுதலைப் போரின்போது இரு தரப்புக்கும் உளவு பார்த்தவரும் இவரே, சாயக்கலை வரலாற்றில் ஒற்றர்களுக்குப் பஞ்சமில்லை.) அவர்களது தொழில் கட்டையின் மீது நின்றது, துணியைத் தனித்தனியே பாலில் தோய்த்து வெயிலில் காயவைக்கும் நாட்களும் வெயிலும் அவர்களிடம் இல்லை. பால் வேண்டாதபோது பசை வேண்டும்.

பசைக்கு ஐரோப்பாவில் இரு வகைப் பொருள்கள் கிடைத்தன: மாவுப்பொருள், கோந்து. இரண்டின் இயல்பும் வேறு. மாவுப்பசை துணியின் மேற்பரப்பிலேயே நிற்கும். நிறம் அடர்ந்து தெரியும். ஆனால் கழுவி நீக்குவது கடினம், பெரும்பரப்பில் சீரும் குறையும். கோந்து தெளிவானது, நுண்கோடுகளுக்கும் மென்னிறங்களுக்கும் ஏற்றது, தண்ணீரில் உடனே கரைந்து போகும். எனவே கறுப்புக்கும் தடித்த உருவங்களுக்கும் மாவு, மெல்லிய வேலைக்குக் கோந்து என அச்சகங்கள் பிரித்துக்கொண்டன. 1783இல் தாமஸ் பெல் செதுக்கிய செப்பு உருளையால் அச்சிடும் உரிமம் பெற்றபின் இத்தேவை பன்மடங்காயிற்று. உருளையின் நுண்பள்ளத்தில் பசை ஒரே சீராக நிற்க வேண்டும். மேலே உள்ளதை வழிக்கும் தகடு கீறல் விடாமல் வழிக்க வேண்டும். இவையெல்லாம் நொடிக்கணக்கில், கெசக்கணக்கில். கைத்தொழிலாளி கட்டையை அழுத்தும்போதே பசையின் குறையைத் தன் கையால் ஈடுசெய்வான். எந்திரத்துக்கு அக்கை இல்லை.

அவுரியிலும் இதே போக்குதான். சோழமண்டலத்தில் நீலம் வேண்டாத இடமெல்லாம் தேன்மெழுகு பூசி முழுத்துணியையும் அவுரித் தொட்டியில் முக்கினர். ஐரோப்பியர் நேரடியாகத் தீட்ட விரும்பினர். ஆனால் ஒடுக்கிய அவுரி காற்றுப்பட்டவுடன் நீலமாகிப் பயனற்றுவிடும். ஆகவே அதில் அரிதாரத்தையும் கோந்தையும் கலந்தனர்; அரிதாரம் அவுரியை ஒடுங்கிய நிலையில் வைத்தது, கோந்து காற்று புகுவதைத் தாமதப்படுத்தியது. அப்பசையைத் தூரிகையால் தீட்டியோர் பெரும்பாலும் பெண்கள். அரிதாரம் ஆர்செனிக்கின் கந்தகச் சேர்மம் என்பதை இங்கே விளக்க வேண்டியதில்லை. அச்சுக்குப்பின் எஞ்சிய பசையையும் ஊன்றாத உப்பையும் நீக்க மாட்டுச்சாணம் கரைத்த வெந்நீர்த் தொட்டிகள் லங்காஷயர் முழுவதும் இருந்தன. சாணத்துக்கு மாற்றாகப் பாஸ்பேட்டு, ஆர்செனேட்டு உப்புகளை 19ஆம் நூற்றாண்டில் ஜான் மெர்சர் போன்றோர் புகுத்தினர். துணைப்பொருள் நச்சாவது நம் காலத்துக் கதை மட்டுமன்று.

கோந்து எங்கிருந்து வந்தது? ஆராய்ச்சியாளரை உறக்கமிழக்கச் செய்யும் பகுதி இதுதான்.

செனகல் ஆற்றுக்கு வடக்கே, இன்றைய மொரித்தானியாவின் தென்பகுதியில், வேல மரக்காடுகள் இருந்தன. வறண்ட பாலைக்காற்று வீசும் மாதங்களில் பட்டை வெடித்துப் பிசின் கசியும். அதனைச் சேகரித்தோர் பெரும்பாலும் அடிமைகள். விற்றோர் திரார்சா, பிராக்னா அமீரகங்களின் மூர் வணிகர். வாங்கியோர் ஆற்றங்கரைச் சந்தைகளுக்கு வந்த பிரெஞ்சு வணிகரும் பின்னர் ஆங்கிலேயரும். விலையாக மூர்கள் கேட்ட பொருள்களுள் முதன்மையானது பணமன்று. ‘கினே’ எனப்பட்ட கருநீலப் பருத்தித் துணி. நெய்யப்பட்டதும் அவுரியில் தோய்க்கப்பட்டதும் புதுச்சேரியிலும் அதன் சுற்றுப்புறங்களிலும். நாளடைவில் இத்துணி வெறும் சரக்காக இல்லாமல் கோந்தின் விலையைக் குறிக்கும் அலகாகவே ஆயிற்று. துணியின் மினுமினுப்பு, அதன் மணம், மேனியில் நீலம் ஒட்டும் தன்மை ஆகியவற்றைக் கொண்டு அசலையும் போலியையும் மூர்கள் பிரித்தறிந்தனர். ஐரோப்பாவில் செய்த போலிகள் அங்கே எளிதில் விலைபோகவில்லை.

போர்களின் வரைபடத்தை இக்கண்ணோடு பார்க்க வேண்டும். ஏழாண்டுப் போரில் ஆங்கிலேயர் 1758இல் செனகலின் செயின்ட் லூயியைக் கைப்பற்றினர். அதற்குத் தூண்டுதலாக நின்றவர் கோந்து வணிகத்தில் நாட்டங்கொண்ட குவேக்கரான தாமஸ் கம்மிங். 1761 சனவரியில் புதுச்சேரியும் வீழ்ந்தது. 1763 உடன்படிக்கையில் புதுச்சேரி பிரான்சுக்குத் திரும்பியது. செனகல் ஆற்று வாயில் ஆங்கிலேயரிடமே நின்றது. துணி ஒருவர் கையில், கோந்து மற்றவர் கையில். பின்னர் நெப்போலியன் போர்க்காலத்தில் இரண்டும் ஆங்கிலேயர் வசமாயின. 1816 இறுதியில் புதுச்சேரியும் 1817 தொடக்கத்தில் செயின்ட் லூயியும் சில வாரங்களின் இடைவெளியில் பிரான்சிடம் மீண்டன. இந்திய வரலாற்றில் ஒன்றையும் ஆப்பிரிக்க வரலாற்றில் மற்றொன்றையும் தனித்தனியே படிப்பதால் இப்பொருத்தம் நம் கண்ணில் படுவதில்லை.

ஆக, ஒரு வட்டம் தெரிகிறது. புதுச்சேரி நெசவாளியின் துணி செனகல் கோந்தை வாங்கியது. அக்கோந்து ஐரோப்பிய அச்சுத்துணியின் கோட்டைக் கூர்மையாக்கியது. அந்த அச்சுத்துணி சோழமண்டல ஓவியத்துணியைச் சந்தையிலிருந்து விரட்டியது. மேடையில் சொன்னால் கைத்தட்டல் கிடைக்கும் வட்டம். அதனால்தான் எச்சரிக்கை தேவை. கினேயை நெய்து தோய்த்தோரும் கோல்கொண்டு வரைந்தோரும் வேறு வேறு தொழிலாளர். ஒருவர் விற்பனை மற்றவர் வாழ்வைத் தாங்கவும் இல்லை, நேரடியாகக் கெடுக்கவும் இல்லை. கோந்து முழுவதும் பருத்தி அச்சுக்கே சென்றதுமில்லை. பட்டுக்கும் காகிதத்துக்கும் மருந்துக்கும் இனிப்புக்கும் சென்றது. ஓவியத்துணியின் சரிவுக்குக் கர்நாடகப் போர்களும், கம்பெனியின் முன்பணப் பிடியும், ஐரோப்பியத் தடைச்சட்டங்களும், நூற்பாலையும் தனித்தனியே கணக்கில் கொள்ளப்பட வேண்டும். வட்டம் உண்மை; அதன் ஒவ்வொரு வளைவின் கனமும் ஒன்றன்று. இதைவிட எனக்கு முக்கியமாகப்படுவது வேறு. பசையை நாடிய தொழில் நெறி, பாலை நாடிய தொழில் நெறியைக் காட்டிலும் உலகத்தைத் தன்னோடு கட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. எருமை வீட்டுக்கொல்லையில் நின்றது. கோந்துக்கு ஒரு கோட்டையும் கப்பலும் அடிமையும் வேண்டியிருந்தன.

பின்கதையைச் சுருங்கச் சொல்கிறேன். 1830களின் இறுதியில் கினே அளவுக்கு மீறிச் செனகலில் குவிந்து, விலை சரிந்து, உள்ளூர் வணிகர் கடனில் மூழ்கினர். 1843இல் பிரெஞ்சு அரசு கினேயின் தரத்துக்கு விதிமுறைகள் வகுத்தது. அதற்குள் புதுச்சேரியில் எந்திர நூற்பு வந்துவிட்டது. 1820களின் இறுதியில் தொடங்கிய, பின்னாளில் சவானா ஆலை என அறியப்பட்ட ஆலைக்கு இச்செனகல் சந்தை ஒரு பெரும் ஊக்கம். மறுபுறம், வறுத்த மாவுப்பொருள் தண்ணீரில் கோந்தைப்போல் கரையும் என்பது கண்டறியப்பட்டது. 1821இல் டப்ளின் ஆலையொன்றில் தீப்பிடித்து மாவு கருகியதால் இது தெரியவந்தது என்று ஒரு கதை உண்டு, கதையாகவே கொள்க. ‘பிரிட்டிஷ் கோந்து’ என்ற பெயரில் அது செனகல் கோந்தின் இடத்தைச் சிறிது சிறிதாகப் பிடித்தது.

இந்தியாவில் புளியங்கொட்டை மீண்டும் தலையெடுத்தது இரண்டாம் உலகப்போரின்போது. 1942இல் தேராதூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தின் வேதியியலார் அதன் கூழ்ப்பொருளைப் பற்றி எழுதினர். பின்னர் சணல், பருத்தி ஆலைகளில் பாவுக்கஞ்சியாக அது பரவியது. கச்சில் நூற்றாண்டுகளாக இருந்த பொருள் ஆய்வகத்தில் ‘கண்டுபிடிக்கப்பட்டது’.

1956இல் ஐ.சி.ஐ. நிறுவனம் வினைச்சாயங்களைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது ஆட்டம் முற்றிலும் மாறியது. இச்சாயங்கள் செல்லுலோசின் ஹைட்ராக்சில் தொகுதியோடு நேரே பிணைபவை. மாவிலும் கொத்தவரை விதைக் கோந்திலும் அதே தொகுதிகள் ஏராளம். சாயம் துணியோடு பிணைவதற்குப் பதில் பசையோடு பிணைந்துவிடும். நிறமும் போகும், பசையும் கழுவில் போகாது. விடை கடற்பாசியில் இருந்தது. பழுப்புப் பாசியிலிருந்து பெறும் சோடியம் ஆல்ஜினேட்டில் சாயத்தை எளிதில் கவரும் முதன்மை ஹைட்ராக்சில் தொகுதி இல்லை. அதன் எதிர்மின்னேற்றம் சாயத்தைத் தள்ளியும் விடும். மன்னார் வளைகுடாவின் பாசிகள் இவ்வகையில் துணித்தொழிலுக்குள் வந்தன. பாசி சேகரிக்கும் இராமநாதபுரக் கரையோரக் குடும்பங்கள் துணி வரலாற்றின் எந்த இயலிலும் இடம்பெறவில்லை. ஒரு காலத்தில் அதே கரையில்தான் சாயவேரும் தோண்டப்பட்டது. ஆல்ஜினேட்டோடு ஈரங்காக்க யூரியாவும், சாயம் ஒடுங்காமல் காக்க மென் ஆக்சிஜனேற்றியும், வினைக்குச் சோடா உப்பும் சேர்ந்தன. யூரியா கழிவுநீரில் நைட்ரஜனாக இறங்கியது. நிறமி அச்சிலோ மண்ணெண்ணெய்ப் பால்மமே நெடுங்காலம் பசையாக இருந்தது. உலர்த்தும்போது அது காற்றில் போயிற்று. கழுவிப் போகும் பொருள் எங்கோ போய்ச் சேரத்தானே வேண்டும்.

பழைய நாடகம் 2012இல் ஒருமுறை மறுபடி நடந்தது. பாறை பிளந்து எரிவளி எடுக்கும் அமெரிக்க நிறுவனங்களுக்குக் கொத்தவரை விதைக் கோந்து பெருமளவில் தேவைப்பட்டது. உலக விளைச்சலில் பெரும்பகுதி இராசத்தானையும் அதன் அண்டைப் பகுதிகளையும் சார்ந்தது. விலை பன்மடங்கு ஏறி, அவ்வாண்டு மார்ச்சில் முன்பேர வணிகத்தையே நிறுத்திவைக்க நேர்ந்தது. துணியச்சகங்கள் பசைக்கு விழி பிதுங்கின. செனகல் ஆற்றங்கரையைப் படித்தவருக்கு இதில் வியப்பு குறைவாகவே இருந்திருக்கும்.

இறுதியாகச் சான்றுகள் பற்றி, மாணவ நண்பர்களுக்காக. லோதி ரோட்டை அடுத்த மெகர்சந்த் சந்தைக் கடைகளில் ‘இயற்கைச் சாயம்’ என்ற சீட்டு தொங்கும் ஆடைகள் உண்டு. சாயம் எது என்று கேட்டால் விடை கிடைக்கும். நிறமூன்றி எது என்று கேட்டால் சில நேரம் கிடைக்கும். பசை எது என்ற வினாவுக்கு இதுவரை எனக்கு விடை கிடைத்ததில்லை. அருங்காட்சியகங்களின் நிலையும் பெரிதும் வேறன்று. நுண்கருவிப் பகுப்பாய்வில் சாயமூலக்கூறு அகப்படும், அலுமினியமும் இரும்பும் அகப்படும். பிசின் அகப்படுவது அரிது. அகப்பட்டாலும் அது அச்சிட்டவர் இட்டதா, பின்னாளில் கஞ்சியிட்ட சலவையாளர் இட்டதா, பழுதுநீக்கியவர் இட்டதா என்ற ஐயம் நீடிக்கும்.

ஆனால் ஒரு சான்று இன்னும் துணியிலேயே உள்ளது. பசை எவ்வளவு கெட்டியோ அவ்வளவுக்குக் கரைசல் மேற்பரப்பில் தங்கும். எவ்வளவு நீர்த்ததோ அவ்வளவுக்குப் பின்புறம் ஊடுருவும். கோட்டின் ஓரம் கூரியதா கசிந்ததா, பின்புறத்தில் அதே கோடு எவ்வளவு அடர்த்தியில் தெரிகிறது என்ற இரண்டையும் அளந்தால், வரைந்தது கோலா கட்டையா, காத்தது பாலா பிசினா என்று ஊகிக்க ஒரு வழி பிறக்கும். இத்தில்லியிலேயே, ஜன்பத் தேசிய அருங்காட்சியகத்தில் 17ஆம் நூற்றாண்டுக் கோல்கொண்டா உருமால்கள் உள்ளன. அவற்றைப் பற்றிய கட்டுரைகளில் மதுக்கிண்ணம் ஏந்திய பாரசீக உருவங்களின் படங்கள் நிறைய உண்டு. நான் பார்த்தவரை எல்லாம் முன்பக்கப் படங்கள்.